அறுவை மகப்பேற்றுக்குப் பின் கை கால் பிடித்துவிடுதல்: உடனிருப்போருக்கு ஒரு பாடம்

பிள்ளை பெற்றவரின் உடலைப் ‘பச்சை உடம்பு’ என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். சுடாத மண்கலத்தைப்போல அழுத்தினால் வடிவு கெடும், பேணினால் உறுதிப்படும் என்பதே அச்சொல்லின் உட்பொருள் என நாங்கள் கொள்கிறோம். அறுவைச் சிகிச்சையின் வழியே பிள்ளை பெற்ற தாய்க்கு இச்சொல் இருமடங்கு பொருந்தும். அவர் பிள்ளை பெற்றவர். அதே நாளில் வயிற்றில் பெரியதோர் அறுவைக்கு உட்பட்டவரும் ஆவார்.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை மகப்பேறுகள். நாடு முழுமைக்கும் பார்த்தால் இது 100க்கு 21 அல்லது 22 ஆகும். ஆயினும், நம் வீடுகளில் வழங்கிவரும் பேறுகாலப் பராமரிப்பு முறைகளில் பல, இயல்பான பேற்றுக்கென ஏற்பட்டவை. வயிற்றில் எண்ணெய் தேய்த்து உருவுதல், வெந்நீரை வேகமாக அடித்து ஊற்றுதல், பழைய நூற்புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டுதல் ஆகியன வயிற்றில் தையல் இல்லாத தாய்மார்களுக்காக உருவான வழக்கங்கள். தாயாரோ மாமியாரோ அவற்றைச் செய்ய முன்வரும்போது ‘தொடாதீர்கள்’ என்று ஒரே சொல்லில் தடுத்துவிடுவது எளிது. எங்கள் வார்டிலும் அவ்வாறே தடுத்துப் பழகியிருந்தோம். அது முழுவதும் சரியன்று என இப்போது கருதுகிறோம். தொடலாகாத இடங்கள் சிலவே உள்ளன. தொட்டால் இதம் தரும் இடங்கள் பல உள்ளன. இரண்டையும் பிரித்தறிந்துகொண்டால் பெரியவர்களின் கைப்பழக்கம் வீணாகாது.

வலி எங்கிருந்து வருகிறது?

வெளியே தெரியும் தழும்பு பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்காக 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதனடியில் உள்ளவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தோல், கொழுப்பு, தசையைப் போர்த்திய உறுதியான சவ்வு, வயிற்றறையின் உள்ளுறை, கருப்பையின் சுவர் என அடுக்கடுக்காகத் திறந்தே பிள்ளை வெளியே எடுக்கப்படுகிறது. வயிற்றின் நேர்த்தசைகள் இரண்டும் பொதுவாக வெட்டப்படுவதில்லை, இருபுறமும் விலக்கப்படுகின்றன. எனவேதான் இருமும்போதும், சிரிக்கும்போதும், படுக்கையிலிருந்து எழும்போதும் வலி சுரீரென்கிறது. கருப்பை சுருங்குவதால் எழும் வலி வேறு. பால் கொடுக்கும்போது அது மிகும். குடலில் காற்று தங்குவதால் வரும் வலி பிறிதொன்று. இவற்றோடு, ஒரே நிலையில் படுத்திருப்பதாலும் குனிந்து பால் கொடுப்பதாலும் முதுகும் கழுத்தும் தோள்களும் இறுகிப்போகின்றன.

இவையனைத்தையும் கை கால் பிடித்துவிட்டே போக்கிவிடலாம் என்று நாங்கள் கூறவில்லை. பிடித்துவிடுதல் மாத்திரைக்குத் துணை, மாற்று அன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும்’ என்ற அச்சத்தால் வலிமாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் தாய்மார்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வழக்கமாகத் தரப்படும் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபனும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு இவை ஏற்றவை. மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் எல்லா வலிமாத்திரைகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் தாய் எழுந்து நடக்கமாட்டார், ஆழ மூச்சிழுக்கமாட்டார், பிள்ளையை வசதியாக அணைக்கவும் அவரால் இயலாது. பொறுமை இங்கே நன்மை தருவதில்லை.

அங்ஙனமாயின் பாதத்தைத் தொடுவதால் வயிற்றுவலி எவ்வாறு குறையும்? இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா? 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் இதற்கொரு விளக்கம் தந்தனர். வலிச்செய்தி தண்டுவடத்தின் வழியே மூளைக்குச் செல்கையில், அங்கே ஒரு கதவு இருப்பதாகக் கொள்ளலாம்; தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் நரம்புகள் அக்கதவைச் சற்றே சாத்திவிடுகின்றன என்றனர். அன்றுதொட்டு அக்கருத்து பல திருத்தங்களைக் கண்டுள்ளது. தோலில் மெதுவான வருடலை மட்டும் உணரும் தனிவகை நரம்பிழைகள் உண்டு என்பது பின்னர் அறியப்பட்டது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்கு விழித்துக்கொள்கின்றன. தாய் பிள்ளையைத் தடவிக்கொடுக்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே.

அறுவை மகப்பேற்றுக்குப் பின் கைகளையும் பாதங்களையும் பிடித்துவிடுவதால் வலி குறைகிறதா என்று துருக்கியிலும் ஈரானிலும் நடத்தப்பட்ட ஆய்வுகள் முறையே 2010, 2014ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஒரு கைக்கோ காலுக்கோ 5 நிமிடம். ஆக மொத்தம் 20 நிமிடம். பிடித்துவிடப்பட்ட தாய்மார்கள், ஏனையோரைவிடக் குறைந்த வலியையே கூறினர். ஈரானிய ஆய்வில் ஒன்றரை மணி நேரம் கழித்து அளந்தபோதும் அவ்வேறுபாடு இருந்தது. இவை சிறிய ஆய்வுகள். பிடித்துவிடப்படுவதைத் தாமே அறிந்திருந்த தாய்மார்களிடம் நடத்தப்பட்டவை. ஆகையால் நாங்கள் இவற்றை மிகையாகப் போற்றவில்லை. எனினும் செலவற்றதும், முறையாகச் செய்தால் தீங்கற்றதுமான ஓர் உதவிக்கு இவ்வளவு சான்று போதும் என்பது எங்கள் துணிபு.

செய்யும் முறை

அறுவை நாள் இரவிலேயே தொடங்கலாம். முதுகில் போட்ட மரப்பூசி மருந்தின் தாக்கம் நீங்க, அதாவது கால்களுக்கு உணர்வு திரும்ப, சில மணி நேரம் ஆகும். அதுவரை கால்களை அழுத்தலாகாது. வலித்தாலும் தாய்க்குத் தெரியாது. அந்நேரத்தில் கைகளை மட்டும் பிடித்துவிடுவது நன்று. தொடங்குமுன் வார்டுச் செவிலியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். காய்ச்சல், தோலில் புண், இரத்தத் தட்டணுக் குறைவு போன்றவை இருப்பின் அவர் ‘இன்று வேண்டா’ என்பார்.

பிடித்துவிடுபவர் நகங்களை வெட்டி, வளையல்களையும் மோதிரங்களையும் கழற்றி வைத்துவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பிறகு தாயிடம் கேளுங்கள்: “கையைப் பிடித்துவிடட்டுமா?” மகள்தானே, மருமகள்தானே, கேட்பதற்கென்ன என்று நினைக்க வேண்டா. காலையிலிருந்து அவர் உடலை எத்தனையோ கைகள் கேளாமலே தொட்டிருக்கும். ஊசி, சிறுநீர்க் குழாய், இரத்த அழுத்தப் பட்டை, வயிற்றுப் பரிசோதனை என எதற்கும் ‘வேண்டா’ என்று கூறும் வாய்ப்பு அவருக்கு இருந்திராது. நீங்கள் கேட்பது அவ்வாய்ப்பை அவருக்குத் திருப்பித் தருகிறது. அவர் ‘போதும்’ என்றால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள். பாதியில் நின்றால் பலனில்லை என்பதெல்லாம் இதில் கிடையாது.

வலிமாத்திரை கொடுத்து அரைமணி நேரம் கழிந்த வேளை ஏற்றது. இரவு உறக்கத்துக்குமுன் மேலும் ஏற்றது. சில துளி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். மணமூட்டிய தைலங்கள் வேண்டா. தாயின் மணத்தைக் கொண்டே பிள்ளை அவரை அறிகிறது. உள்ளங்கையைத் தாங்கிப் பிடித்து, உங்கள் இரு கட்டைவிரல்களாலும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீவுங்கள். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை மெல்ல உருவுங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வருடுவதற்கு, மனத்துக்குள் ஐந்தாறு எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் செய்யும் பிழை விரைவாகத் தேய்ப்பதே. மருந்து ஏற்றும் ஊசி எந்தக் கையில் உள்ளதோ, அக்கையில் ஊசியைச் சூழ்ந்த பகுதியைத் தொடாமல் விரல்களை மட்டும் நீவுங்கள்.

பாதங்களுக்கும் இவ்வாறே. குதிகாலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, உள்ளங்காலைக் கட்டைவிரலால் சற்றே அழுத்தமாக நீவலாம். மிக மெதுவாகத் தொட்டால் கூச்சமே வரும். கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெண்டைக்காலையும் தொடையையும் பிசைய வேண்டா. காரணத்தைப் பின்னர்க் கூறுகிறோம். முடிந்தபின் உள்ளங்காலில் எண்ணெய்ப்பசை சிறிதும் இராதவாறு துடைத்துவிட வேண்டும். சிறுநீர் கழிக்க எழும் தாய் எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்தால், நாம் செய்த நன்மையெல்லாம் தீமையாக முடியும்.

முதுகுக்குத் தாயை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும், வயிற்றுக்கு அணையாக இன்னொன்றும் வையுங்கள். முதுகெலும்பின்மேல் கை வைக்காமல், அதன் இருபுறத் தசைகளையும் கீழிருந்து தோள்வரை நீவி, தோள்பட்டைகளைச் சுற்றி இறங்குங்கள். ஊசி போட்ட இடம் சில நாள் கன்றியிருக்கும். அதை அழுத்தாமல் விடுங்கள். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அவ்வூசியே காரணம் என்று பலர் நம்புகின்றனர். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை. குனிந்த நிலையில் நாளொன்றுக்கு எட்டு, பத்து முறை பால் கொடுப்பதே பெரும்பாலும் முதுகைக் கெடுக்கிறது. பிள்ளையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் போகுமாறு கக்கத்தில் அணைத்துப் பால் கொடுத்தால் தையலின்மேல் பாரம் விழாது. தோளும் தளர்வாக இருக்கும். அவர் பால் கொடுக்கும்போது பின்னால் நின்று தோள்களை நீவிவிடுவது, பார்வை நேரத்தில் என்ன செய்வதென்று அறியாமல் அலைபேசியோடு நிற்கும் கணவர்மார்களுக்கு நாங்கள் வழக்கமாகத் தரும் வேலை.

நாங்கள் வயிற்றை அழுத்துவது ஏன்?

பேற்றுக்குப் பின் முதல் நாளில் செவிலியர் அடிக்கடி வந்து தொப்புளைச் சுற்றிக் கை வைத்து அழுத்திப் பார்ப்பார். தாய்மார்கள் மிகவும் அஞ்சும் நேரம் அது என்பதை நாங்கள் அறிவோம். கருப்பை கல்போல் சுருங்கியிருக்கிறதா, தளர்ந்துபோய் இரத்தம் மிகுதியாகப் போகிறதா என்று அறியவே அவ்வாறு செய்கிறோம். இதைப் பார்த்த சிலர், ‘அழுக்கு இரத்தம் வெளியேறட்டும்’ என்று வீட்டிலும் வயிற்றை அழுத்துகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. உடனிருப்போர் வயிற்றைப் பிடித்துவிடலாகாது. ஆறு வாரங்களுக்கு இது பொருந்தும். குடற்காற்றினால் வயிறு உப்பினாலும் அப்படியே. அதற்குக் கை மருந்தாகாது, நடையே மருந்து.

தோள்பட்டையின் நுனியில் குத்துவதுபோன்ற வலி ஏற்பட்டால், அறுவையின்போது உட்புகுந்த காற்றோ இரத்தமோ உதரவிதானத்தை உறுத்துவது காரணமாயிருக்கலாம். தோளைத் தேய்ப்பதால் அது நீங்காது. இரண்டொரு நாளில் தானே தணியும். ஆனால் மூச்சுத்திணறலும் உடன் இருந்தால் உடனே அழையுங்கள்.

தலைவலியில் இன்னும் விழிப்பு வேண்டும். சுக்குப் பற்றும் தைலமும் நம் கைக்கு முதலில் வருபவை. எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும் தலைவலி, முதுகில் போட்ட ஊசியால் வந்ததாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவற்றோடு வரும் தலைவலி இரத்தக் கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம். கருவுற்ற காலத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பேற்றுக்குப் பின் இது வரக்கூடும். தலையைப் பிடித்துவிட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டா.

ஒரு கால் மட்டும் வலித்தால்

சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பராமரிப்பிலிருந்து வீடு திரும்பிய தாய் ஒருவருக்குப் பத்தாம் நாள் இடக் கெண்டைக்காலில் குடைச்சல் ஏற்பட்டது. குளிர்ச்சியால் வந்ததென எண்ணிய அவர் தாயார், நல்லெண்ணெயைச் சூடாக்கி, இரண்டு இரவுகள் தூக்கம் விழித்து, கணுக்காலிலிருந்து தொடைவரை உருவிவிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் கால் வீங்கிப் பளபளத்தது. நான்கு படி ஏறுவதற்குள் மகளுக்கு மூச்சு வாங்கியது. அழைத்து வந்தார்கள். காலின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தக்கட்டியின் துணுக்குகள் நுரையீரலை அடைந்திருந்தன. உறைதலைத் தடுக்கும் ஊசிகளால் அவர் பிழைத்தெழுந்து பிள்ளையோடு வீடு சென்றார்.

அந்த நாட்களில் அவர் தாயார் வார்டு வாயிலில் நின்றுகொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம், “நான்தான் செஞ்சுட்டேனா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். உருவியதால்தான் கட்டி நகர்ந்தது என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அது தானாகவும் நகரும். நாங்கள் உறுதியாகக் கூறக்கூடியது வேறொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் எழுதிக்கொடுத்த சீட்டில் தையல் பார்க்கும் நாள் இருந்தது, மாத்திரைகளின் பெயர் இருந்தது. காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

கருவுற்ற காலத்திலும், பேற்றுக்குப் பின் ஆறு வாரங்கள் வரையிலும் பெண்ணுடலில் இரத்தம் உறையும் தன்மை மிகுந்திருக்கும். பேற்றின்போது இரத்தம் பெருகி உயிர் போகாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. அறுவையும், நடமாட்டம் இல்லாத படுக்கையும் சேரும்போது இதுவே இடராகிறது. இடுப்புக்குள் வலப்பக்கத் தமனி, இடக்காலிலிருந்து வரும் சிரையின்மேல் குறுக்காகச் செல்கிறது. ஆகவே இடக்காலிலேயே இது மிகுதியாக நேர்கிறது. இரு பாதங்களும் ஒரே அளவில், வலியின்றி வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் ஏற்றிய நீரின் விளைவாகும். சில நாட்களில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வலித்தாலோ, சூடாகவோ சிவந்தோ இருந்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108ஐ அழையுங்கள். கெண்டைக்காலைப் பிசைய வேண்டா என்று முன்னர்க் கூறியது இதற்காகத்தான்.

‘கால் பிடித்துவிட்டாயிற்றே, நடப்பானேன்?’ என்ற எண்ணமும் கூடாது. கட்டி உருவாகாமல் தடுப்பது நடையே. படுத்திருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டிருப்பது நல்லது.

வீட்டுக்குச் சென்றபின்

வெந்நீரை அடித்து ஊற்றுவதைப் புண் ஆறும்வரை கைவிட வேண்டும். தழும்பைச் சூழ்ந்த தோலில் நரம்பிழைகள் அறுபட்டிருப்பதால் அங்கே மாதக்கணக்கில் மரத்திருக்கும். சூடு பட்டாலும் தெரியாது, கொப்புளம் எழும்பிய பின்னரே தெரியும். மருத்துவர் கூறிய நாளிலிருந்து மிதமான சூட்டில் குளித்து, தையலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும். அதன்மேல் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டா. வயிற்றுக்குக் கட்டு கட்டினால் எழுந்து நடக்க இதமாக இருக்கிறது என்று சில தாய்மார்கள் கூறுவர். மூச்சை இறுக்காத அளவில் கட்டலாம். அதனால் வயிறு உள்ளே போய்விடும் என்று மட்டும் நம்ப வேண்டா.

தழும்பைப் பிடித்துவிடுவது தனிக்கலை. ஆறு வாரம் கழித்து மருத்துவர் பார்த்து, பொருக்கும் நீர்க்கசிவும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே அதைத் தொடங்க வேண்டும். செய்பவர் தாயே, பிறர் அல்லர். முதலில் தழும்புக்கு இரண்டு விரற்கடை மேலும் கீழும் தோலை மெல்ல நகர்த்துவது, சில நாட்களுக்குப் பின் தழும்பின்மேலேயே விரல்களை வைத்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிறு வட்டங்களாகவும் அசைப்பது, பிறகு தோலை இரு விரல்களால் மெல்லத் தூக்கிப் பார்ப்பது என்று படிப்படியாகச் செய்யலாம். நாளுக்கு 5 நிமிடம் போதும். அடித்தசையோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும் தழும்பு இதனால் தளரும் என்பது எங்கள் இயன்முறை மருத்துவர்களின் பட்டறிவு. ஆய்வுச்சான்று இன்னும் குறைவே. ஆறிய தோல் மூன்று மாதம் கழிந்தாலும் பழைய வலிமையில் ஐந்தில் நான்கு பங்கையே அடைகிறது என்பதால் அவசரம் வேண்டா. தழும்பு தடித்து, அரித்து, எல்லை தாண்டி வளர்ந்தால் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சில தாய்மார்களுக்கு அந்தத் தழும்பைப் பார்க்கவே மனம் வருவதில்லை. ஆறாம் வாரத்திலும் துணியை விலக்காமல், ‘நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை. துணியின்மேலேயே உள்ளங்கையை வைத்துச் சிறிதுநேரம் இருந்தால் போதும், அதுவே அன்றைய பயிற்சி என்று கூறுகிறோம். சிலர் மறுவாரமே துணியை விலக்குவர். சிலருக்கு ஆறு மாதம் ஆகும்.

பிள்ளைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போட வரும் நாளில், எங்கள் பேறுகாலப் பிரிவில் இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள். செய்முறையை அவர் நேரில் காட்டித் தருவார். உங்களைப் பார்த்துக்கொள்பவர் தாயாரோ மாமியாரோ, யாராயினும் அவரையும் அழைத்து வாருங்கள்.